இருட்டைத் தேடிக் கூட்டமாகப் போகிறவர்கள்

ராமநாதபுரம் கடற்கரைக்கு அமாவாசைதோறும் இரண்டு கூட்டம் வருகிறது. ஒன்று, முன்னோருக்குத் திதி கொடுக்க அக்னி தீர்த்தத்துக்கும் சேதுக்கரைக்கும் தேவிபட்டினத்துக்கும் வருகிற கூட்டம். அது தலைமுறை தலைமுறையாக வருவது. மற்றொன்று சிறியது, புதியது: நிலா இல்லாத வானத்தைப் படம் எடுக்கக் கேமராவும் ட்ரைபாடும் சுமந்து வருகிற எங்களைப் போன்றவர்கள். ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, மதுரை என்று பல ஊர்களிலிருந்து சேர்ந்து ஒரே வேனில் போவோம். விடிந்த பிறகு திரும்புவோம். எனக்குப் பிழைப்பு கல்யாண வீடுகளில் படம் எடுப்பது. மனம் போவது இரவு வானத்துக்கும் விடிகாலைப் பறவைகளுக்கும்.

இப்படிக் குழுவாகப் போகிறவர்கள் இந்தக் கரையில் பெருகிவருகிறார்கள். பெருகட்டும். தனியாக இரவில் அலைவதைவிட அது எவ்வளவோ நல்லது. ஆனால் வானத்தையும் உயிர்களையும் ஒரே இரவில், ஒரே மணலில் நின்று எடுத்துவிடலாம் என்ற நினைப்பும் கூடவே பெருகுகிறது. அதை நான் ஏற்கவில்லை. வானத்துக்கு ஓர் இடம், பறவைக்கு வேறொரு நேரம், ஆமை ஏறும் கரைக்குக் கேமராவே இல்லாத மாதங்கள் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நாம் தேடிப் போகிற இருட்டை நாமே கெடுத்துவிடுவோம்.

நாள் பார்ப்பதிலிருந்தே தொடங்குகிறேன். புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லாரும் அமாவாசையன்றே போக வேண்டும் என்று நிற்பார்கள். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை மூன்றையும் நாங்கள் தொடுவதே இல்லை. அந்த இரவுகளில் ராமேஸ்வரம் சாலை முழுவதும் பஸ்களும் வேன்களும் கார்களும் விடியவிடிய ஓடும். ஒவ்வொரு முகப்பு விளக்கும் அடிவானம்வரை வெளுப்பேற்றும். அந்த நாள் அவர்களுடையது, அந்தக் கரையும் அன்று அவர்களுடையது. நமக்கு அமாவாசையேதான் வேண்டும் என்பதும் இல்லை. நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போது தேய்பிறை துவாதசி, திரயோதசி, சதுர்த்தசி என்று வருகிறதல்லவா, அந்த இரவுகளில் நிலா விடிவதற்குச் சற்று முன்புதான் எழும். அமாவாசை கழிந்து துவிதியை, திருதியை நாட்களில் பொழுது சாய்ந்த சிறிது நேரத்தில் நிலாவும் மேற்கே இறங்கிவிடும். ஆக, மாதத்துக்கு ஒரு வாரம் இருட்டு நம் கையில் இருக்கிறது. அதில் சனிக்கிழமை எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதும்.

ஆண்டில் எந்த மாதம் என்பதற்கு என் விடை மாறியதே இல்லை: சித்திரையும் வைகாசியும். காரணம் வானம் பாதி, கடல் பாதி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகுகள் மட்டும்தான் கடலில் இருக்கும். அவற்றின் விளக்குகள் சிறியவை, சில. மற்ற மாதங்களில் தொடுவானத்தில் வரிசையாகத் தெரியும் வெள்ளை விளக்குகள் இந்த இரண்டு மாதமும் இருப்பதில்லை. தெற்கே தொடுவானம் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பு நமக்கு எதற்கு என்றால், இந்தக் கரையிலிருந்து பார்க்கத் தக்கவற்றில் பெரும்பகுதி தெற்கே, தாழ்வாகத்தான் இருக்கிறது.

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை வடக்கே பாக் நீரிணையையும் தெற்கே மன்னார் வளைகுடாவையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. தனுஷ்கோடிப் பக்கத்தில் வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று அடங்கிக் கிடக்கும், மற்றொன்று இரைந்துகொண்டே இருக்கும். வான்படம் எடுப்பவனுக்கு இந்த அமைப்பு பெரிய கொடை. நாம் இருப்பது ஏறத்தாழ 9 பாகை வடக்கு அட்சத்தில். துருவ நட்சத்திரம் ஓர் ஊரின் அட்சம் எத்தனை பாகையோ அத்தனை பாகை உயரத்தில்தான் தெரியும். ஆகவே பாக் நீரிணைக் கரையில் நின்றால் அது கடலுக்கு மேலே 9 பாகையில், நீட்டிய கையின் முஷ்டி அகலத்துக்குள், ஒளி மங்கி நிற்கும். தெற்குக் கரையில் நின்றால் மன்னார் வளைகுடாவுக்கு மேலே தென்சிலுவை முழுதாக எழும். அதன் அடி நட்சத்திரமே 17 பாகைக்கு மேல் உயர்கிறது. டெல்லியில் இருக்கும் நண்பர்களுக்கு அந்த அடி நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேலே எழுவதே இல்லை.

வைகாசித் தொடக்கத்தில் ஓர் இரவு எப்படி நகரும் என்பதைச் சொல்கிறேன். ஒன்பது மணியளவில் தென்சிலுவை நேர் தெற்கில் நிமிர்ந்து நிற்கும். அதன் இடப்பக்கம், அதாவது கிழக்கே, ஆல்பா செண்டாரியும் பீட்டா செண்டாரியும் இரட்டையாக ஒளிரும். அதற்கும் மேலே கண்ணுக்கு ஒரு மங்கலான பொட்டாக ஒமேகா செண்டாரி தெரியும். அது லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் திரண்ட கோளகக் கொத்து. சாதாரண இருகண்ணோக்கியில் பார்த்தாலே அசந்துபோவீர்கள். அதே நேரத்தில் தென்கிழக்கில் விருச்சிகம் ஏறிக்கொண்டிருக்கும். கேட்டை செந்நிறமாக முன்னே வர, மூலத்தின் கொடுக்கு கடைசியாகக் கடலைவிட்டு எழும். அந்தக் கொடுக்குக்குப் பக்கத்தில்தான் பால்வீதியின் மையம். நள்ளிரவுக்கு முன்பு பால்வீதி கிழக்குத் தொடுவானத்தை ஒட்டித் தாழ்ந்த வளைவாகக் கிடக்கும். அகலப் படத்துக்கு அதுதான் நேரம். இரண்டு மணியைத் தாண்டும்போது மையம் தெற்கே 52 பாகை உயரத்துக்கு வந்துவிடும். ஜாதகத்தில் கேட்டை, மூலம், பூராடம் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு அவை அடுத்தடுத்து ஏறி வருவதைக் கண்ணால் பார்ப்பது ஒரு தனி மகிழ்ச்சி. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்து இதைக் காட்டாமல் இருப்பது பெரிய இழப்பு என்றே எனக்குப் படுகிறது.

ஆனியும் ஆடியும் மாலையிலேயே மையம் தெரியும் மாதங்கள்தான். ஆனால் காற்று விடாது. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைத்துவந்தார்கள் என்பது இந்தப் பக்கத்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும். அந்தக் காற்றில் ட்ரைபாட் எங்கே நிற்கும்? ஐப்பசியிலிருந்து மார்கழிவரை வடகிழக்குப் பருவமழை. மாசி, பங்குனியில் விடிவதற்கு முன்பு மையம் எழும். வானம் தெளிவு, காற்றும் அடக்கம். ஆனால் அந்த மாதங்களில் கரை வேறு ஒருவருக்குச் சொந்தம். அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கே போவது? எல்லாருக்கும் முதலில் நாவில் வருவது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்துக்கு மேலே பால்வீதி நிற்க வேண்டும் என்பது ஒவ்வொரு புதியவரின் கனவு. மாலைக்குப் பிறகு அங்கே இருக்க அனுமதி இல்லை. இருட்டும் முன்பே வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கட்டுப்பாடு சரி என்பதே என் எண்ணம். அரிச்சல்முனைவரை தார்ச்சாலை 2017-ல் திறக்கப்பட்ட பிறகு பகலில் அந்த மணல்முனை படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இரவாவது அதற்கு ஓய்வு கிடைக்கட்டும் என்றுதான் தோன்றும். பகலில் எடுத்த தேவாலயத்தின் மேல் வேறோர் இரவின் வானத்தை ஒட்டிப் படம் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. படம் பார்ப்பவர் அந்த இரவு அங்கே நடந்தது என்று நம்பித்தான் பார்க்கிறார். அந்த நம்பிக்கையோடு விளையாடக் கூடாது.

எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்கள். கோடையில் பாத்திகளில் தண்ணீர் கண்ணாடிபோல் நிற்கும். காற்று அடங்குகிற பின்னிரவில் கேட்டையும் ஆல்பா செண்டாரியும் தண்ணீரிலும் தெரியும். மங்கலான நட்சத்திரங்கள் தண்ணீரில் பதியாது. பிரகாசமானவை மட்டும் பதியும், அதுவே படத்துக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்துவிடும். ஆனால் அது பலருடைய வேலையிடம். முன்கூட்டியே கேட்டு, சரி என்ற பிறகே உள்ளே போக வேண்டும். வரப்பில் கூட்டமாக ஏறினால் வரப்பு உடையும். ஒரு வரப்பு உடைந்தால் ஒருவருடைய பல நாள் உழைப்பு கலங்கிப்போகும். வெயிலுக்கு முன்பே வேலையை முடிக்க உப்பு வாருகிறவர்கள் விடிவதற்கு வெகுநேரம் முன்பே டார்ச்சோடு வந்துவிடுவார்கள். அந்த வெளிச்சம் படத்தில் விழுகிறதே என்று ஒரு தம்பி முகம் சுளித்தபோது, எங்கள் குழுவின் மூத்தவர், நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று அழைக்கிறவர், அவனைத் தனியே அழைத்துச் சொன்னார்: “அவர்களுக்கு அது சோற்று விளக்கு தம்பி. நாம் மூடிவைத்துவிட்டு வேடிக்கை பார்ப்போம்.” அன்று தொடங்கி அதுவே எங்கள் வழக்கம். அவர்கள் வந்ததும் எங்கள் வேலை முடிந்தது.

வடக்கு வானத்துக்கு அரியமான் கடற்கரை. சவுக்குத் தோப்புக்கு அப்பால் பெண் கடல் அடங்கிக் கிடக்கும். எங்கள் குழுவில் கீழக்கரையிலிருந்து ஒரு டீச்சர் தம் தம்பியோடு வருவார். துருவ நட்சத்திரத்தை மையமாக வைத்து நட்சத்திரச் சுவடுகள் எடுப்பதில் அவருக்கு இணை எங்களில் இல்லை. வடநாட்டில் எடுக்கிற சுவடுப் படங்களில் முழு வட்டங்கள் இருக்கும். இங்கே துருவம் தாழ்வாக இருப்பதால் வட்டத்தின் அடிப்பகுதியைக் கடல் விழுங்கிவிடும்; மேல்பாதி மட்டும் தண்ணீரிலிருந்து எழுந்து தண்ணீரிலேயே இறங்கும் வளைவுகளாகத் தெரியும். இதை ஒரு குறையாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது இந்த ஊரின் கையெழுத்து. ஒரு மணி நேரத்தில் வானம் 15 பாகை சுழலும். இரண்டு மணி நேரம் பொறுமையாக அடுத்தடுத்து எடுத்த படங்களைச் சேர்த்தால் கண்ணுக்கு நிறைவான வளைவு கிடைத்துவிடும்.

கேமரா அமைப்பைப் பற்றி நிறைய கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன், இது கற்றுக்கொள்ள எளிதான பகுதி. முழுச்சட்டக் கேமராவில் 500-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் எத்தனை விநாடி திறந்துவைக்கலாம் என்பது தோராயமாகக் கிடைக்கும்: 24 மில்லிமீட்டருக்கு 20 விநாடி. இன்றைய கேமராக்கள் நுணுக்கமானவை. 20 விநாடியில் நட்சத்திரம் கோடாக இழுக்கத் தொடங்கிவிடும், 12 அல்லது 13 நல்லது. வானத்தின் நடுக்கோட்டை ஒட்டிய திருவாதிரைப் பக்கம் நட்சத்திரங்கள் வேகமாக நகரும். தென்சிலுவைப் பக்கம் அதில் பாதி வேகம்தான், அங்கே தாராளமாக 20 விநாடி வைக்கலாம். லென்ஸின் துளை 2.8, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 3200-லிருந்து தொடங்குங்கள். கேமரா சுருக்காமல் அப்படியே வைக்கும் ராவ் கோப்பாகவே எடுங்கள். குவியத்தைக் கையால், ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனையாகும்வரை திருப்பி வையுங்கள். பிறகு அந்த வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். கடலோரத்தில் அரை மணிக்கு ஒருமுறை லென்ஸின் முகத்தைப் பார்க்க வேண்டும். உப்புப் பூச்சு கண்ணுக்குத் தெரியாமல் படியும். அதன் பிறகு எடுக்கும் நட்சத்திரமெல்லாம் பஞ்சாகத் தெரியும். வீட்டுக்குப் போனதும் ட்ரைபாடின் கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுங்கள். இதைச் செய்யாதவர்களின் ட்ரைபாட் ஓராண்டில் உறைந்துபோவதை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம்.

கற்றுக்கொள்ளக் கடினமானது, கூட்டமாக இருட்டில் இருப்பது.

மனிதக் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. விழித்திரையில் மங்கல் ஒளியைப் பிடிக்கும் செல்களில் உள்ள நிறமி மெல்லத் திரும்ப ஊறி வர அவ்வளவு நேரம் வேண்டும். ஒரு விநாடி வெள்ளை வெளிச்சம் பட்டால் அது அழிந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிவப்பு ஒளி மட்டும் அந்தச் செல்களை அதிகம் தொடாது. அதனால்தான் எங்கள் தலைவிளக்குகள் எல்லாம் சிவப்பு. கைப்பேசியை வேனிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வோம். கேமராத் திரையின் ஒளியைக் கடைசி அளவுக்குக் குறைத்துவிட வேண்டும். வேன் டிரைவர் கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியாதபடி முன்பே அணைத்துவைத்திருப்பார். கேமராவில் சிவப்புச் சிறுவிளக்கு மினுக்கினால் அதற்கும் ஒரு கறுப்பு டேப். பத்துப் பேர் பத்துக் கேமராவைத் திறந்துவைத்திருக்கும்போது ஒருவர் தண்ணீர்ப் பாட்டிலைத் தேட டார்ச்சைப் போட்டால் பத்துப் படமும் போயிற்று. தனியாக எடுப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. குழுவாக எடுப்பவர்கள் ஒருவர் இருட்டை ஒருவர் காத்தாக வேண்டும். அதனால்தான் எட்டுப் பேருக்கு மேல் போகக் கூடாது என்று வைத்திருக்கிறோம். முப்பது, நாற்பது பேரைப் பஸ்ஸில் ஏற்றி வந்து கடற்கரையில் இறக்கும் பயணங்களை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அவ்வளவு பேரை எவராலும் இருட்டில் வைத்திருக்க முடியாது. அவர்களில் பாதிப் பேர் வானத்தைப் பார்க்காமலேயே திரும்புகிறார்கள்.

இந்தக் கரையில் வெளிச்சத்தை அடக்கிவைக்க இன்னொரு காரணமும் உண்டு. நள்ளிரவில் கடற்கரையில் டார்ச் அசைந்தால் இங்கே யாரும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 2001 முதல் பிடிக்கத் தடை உள்ள கடல் அட்டை கடத்தப்படும் கரை இது. 2022-ல் இலங்கையில் நெருக்கடி முற்றியபோது குடும்பம் குடும்பமாக அகதிகள் வந்து இறங்கிய கரை. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் ரோந்து எப்போதும் இருக்கும். ஆகவே போகும் முன்பே காவல் நிலையத்தில் சொல்லிவிடுகிறோம், ஊர்ப் பெரியவர்களிடமும் சொல்லிவிடுகிறோம். சொல்லிவிட்டுப் போனால் ஊர் நம்மோடு வந்துவிடும். மூக்கையூர்ப் பக்கம் ஒருமுறை வயதான மீனவர் ஒருவர் வந்து எங்களோடு உட்கார்ந்தார். தென்சிலுவையைக் காட்டி, “அந்தக் குருசு நிமிர்ந்து நின்றால் நேர் தெற்கு. சாய்ந்துவிட்டால் பொழுது எவ்வளவு ஆயிற்று என்று அதன் சாய்வே சொல்லும்” என்றார். வானத்தின் வடக்கு–தெற்குக் கோட்டை மெரிடியன் என்று நாங்கள் செயலியில் தேடிக்கொண்டிருந்ததை அவர் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார். இப்போது படகுகளில் ஜிபிஎஸ் வந்துவிட்டது, பையன்கள் மேலே பார்ப்பதில்லை என்று வருத்தப்பட்டார். அந்த வருத்தம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் முதல் ஒரு மணி நேரம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வானம் காட்டுவதற்கு என்று ஒதுக்கிவிட்டோம்.

இனி மாசி, பங்குனிக்கு வருகிறேன்.

மன்னார் வளைகுடாவில் ஐந்து வகைக் கடலாமைகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் நம் கரையில் மிகுதியாக ஏறி முட்டையிடுவது பங்குனி ஆமை. ஜனவரி முதல் ஏப்ரல்வரை இரவில் பெண் ஆமை கரையேறும். மணலில் பின்கால்களால் குழி பறித்து நூறை ஒட்டிய எண்ணிக்கையில் முட்டைகளை இட்டு, மூடி, கடலுக்குத் திரும்பிவிடும். ஏறி வரும்போது கரையில் வெளிச்சமோ அசைவோ பட்டால் முட்டையிடாமலே திரும்பிப் போய்விடும். முட்டைகள் பொரிய 45 முதல் 60 நாட்கள் ஆகும். தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறையினர் விடிவதற்குள் கரை முழுவதும் நடந்து, தடம் பார்த்து, முட்டைகளை எடுத்துக் குஞ்சு பொரிப்பகத்தில் புதைத்துக் காப்பாற்றுகிறார்கள். அவர்கள் கண்ணில் படாத குழிகளும் இருக்கும். அந்தக் குழிகளிலிருந்து இரவில் வெளியே வரும் குஞ்சுக்குக் கடல் எந்தப் பக்கம் என்று சொல்ல யாரும் இல்லை. தாழ்ந்த தொடுவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் நகர்வது அதன் இயல்பு. பல கோடி ஆண்டுகளாக அந்த வெளிச்சம் கடல்தான். நட்சத்திர ஒளியும் நிலவொளியும் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். இன்று அது சாலையோர ஹைமாஸ்ட் விளக்காக இருக்கலாம், ஒரு விடுதியின் வாசலாக இருக்கலாம், ஒரு படக்காரரின் தலைவிளக்காகவும் இருக்கலாம். திசை மாறிய குஞ்சு விடியும்வரை மணலில் அலைந்து, வெயிலிலோ காக்கையின் வாயிலோ நாயின் வாயிலோ முடியும்.

இதைத் தெரிந்த பிறகு மாசி பின்னிரவில் மணற்கரையில் ட்ரைபாடை ஊன்றி நிற்க எனக்கு மனம் வரவில்லை. சிவப்பு விளக்கு வைத்திருக்கிறோமே, சத்தம் போட மாட்டோமே என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஏறி வருகிற ஆமைக்கு எட்டுப் பேர் வரிசையாக நிற்பதே போதும், திரும்பிவிட. முட்டையிடும் ஆமையைப் படம் எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு என் விடை இன்னும் கடுமையானது: அந்தப் படம் தேவையே இல்லை. அது எப்படி இருக்கும் என்பதை ஆய்வாளர்கள் வேண்டிய அளவு பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர் அது. அதன் முகத்தில் பிளாஷ் அடித்து நாம் புதிதாகச் சொல்லப்போவது ஒன்றும் இல்லை. எங்கள் குழுவில் தை பிறந்ததிலிருந்து சித்திரை பாதிவரை இரவில் மணற்கரை கிடையாது. வானம் வேண்டுமென்றால் கண்மாய்க் கரைக்குப் போகிறோம், பனங்காட்டுக்குப் போகிறோம். உடைமரங்கள் குடை விரித்து நிற்கும் பொட்டலில் நின்று எடுத்த பால்வீதியைவிடக் கடற்கரைப் பால்வீதி எந்த வகையில் உயர்ந்தது? எனக்குத் தெரிந்து எதிலும் இல்லை. தடைக்காலத்தில் கடலோரம் போகும்போதும் மணலில் கடைசிக் குழிகள் இருக்கக்கூடும் என்ற நினைப்போடு, அலைக்கரையைவிட்டு உள்ளே தள்ளித்தான் நிற்கிறோம்.

போகிற வழியில் தார்ச்சாலையில் பக்கிகள் என்னும் இரவுப் பறவைகள் உட்கார்ந்திருக்கும். பகல் சூடு தாரில் தங்கியிருப்பதால் அங்கே வந்து அமரும். வண்டி விளக்கில் அவற்றின் கண்கள் கங்காகத் தெரியும். விளக்கு நேராகப் பட்டால் பறக்கத் தெரியாமல் திகைத்து அப்படியே இருக்கும். வேகத்தைக் குறைத்து, முகப்பு விளக்கைத் தாழ்த்தி, அவை எழுந்து போகும்வரை நிற்பதற்கு எங்கள் டிரைவர் பழகிவிட்டார்.

பறவைகளுக்கு விடிகாலைதான். கோதண்டராமர் கோயிலை ஒட்டிய உப்பங்கழியில் பூநாரைகள் இறங்கும் மாதங்களில், சாலையில் வண்டியை நிறுத்தி, வண்டிக்குள்ளிருந்தே எடுக்கலாம். அவை வண்டியைப் பார்த்துக் கலவரப்படுவதில்லை; வண்டியிலிருந்து இறங்கும் மனிதனைப் பார்த்துத்தான் கலவரப்படுகின்றன. 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதியில் சுமார் 525 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் வலசைப் பறவைகளின் பாதையில் இருக்கும் இடம் இது. அறிவிப்பு வந்தபோது எங்கள் குழு முழுவதும் பண்டிகை கொண்டாடியது. ஆனால் அறிவிப்பு வந்ததும் கூட்டமும் வந்தது. பூநாரைக் கூட்டம் ஒருசேர எழும்பும்போது சிறகின் இளஞ்சிவப்பும் கறுப்பும் விரிவது கொள்ளை அழகுதான். அந்த அழகுக்காகக் கைதட்டுகிறவர்களும் தண்ணீருக்குள் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்பும் பறவை இல்லை. தண்ணீரில் சிறிது தூரம் ஓடித்தான் எழ முடியும். அதற்குச் செலவாகும் சக்தியை அது மணிக்கணக்கில் தலையைக் கவிழ்த்துச் சேற்றை அரித்துத்தான் ஈடுகட்ட வேண்டும். நீண்ட லென்ஸும் பொறுமையும் இருந்தால் அவை தாமாகவே எழும் நேரம் வரும். வராவிட்டால் அன்று அந்தப் படம் இல்லை.

பூநாரைக்காவது பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். என் மனம் அதிகம் பதறுவது ஒரு சின்னஞ்சிறு பறவைக்காக. மணலின் நிறத்திலேயே இருக்கும் ஓர் உப்புக்கொத்தி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே கூடு கட்டுவது. கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு பிரிவு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2023-ல் ஆய்வாளர்கள் அதைத் தனி இனமாகப் பிரித்து, இந்தச் சேதுக் கரையை நினைத்து அனுமனின் பெயரையே வைத்தார்கள். கூடு என்று தனியாக ஒன்றும் கட்டாது. திறந்த மணலில் ஒரு சிறு பள்ளம், அதில் இரண்டோ மூன்றோ முட்டைகள், மணலில் கிடக்கும் கூழாங்கல் நிறத்தில். கோடை வெயிலில் தாய் நிழலாக நின்று காக்காவிட்டால் முட்டை வெந்துபோகும். நாம் பத்து அடி தூரத்தில் லென்ஸோடு படுத்திருக்கும்வரை தாய் திரும்பி வராது. அடிபட்டதுபோல் சிறகை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் ஓடி நம்மை ஏமாற்றப் பார்க்கும். அந்த நாடகத்தையும் சிலர் ஆர்வமாகப் படம் எடுக்கிறார்கள். கூட்டையும் முட்டையையும் எடுப்பதில்லை என்பதை எங்கள் குழுவில் யாரும் மீறலாகாது. எடுக்கும் படம் எதுவானாலும் இருப்பிடப் புள்ளியை நீக்கிவிட்டுத்தான் வெளியே பகிர்கிறோம். மணலில் வண்டி ஏற்றுவதையும் இந்த ஒரு பறவைக்காகவே முழுமையாக நிறுத்தச் சொல்வேன். இருட்டில் அந்தக் கூட்டின் மேல் சக்கரம் ஏறினால் ஓட்டுகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

உள்நாட்டுப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் என்று கண்மாய்ச் சரணாலயங்கள் இருக்கின்றன. மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்கும் ஆண்டுகளில் நத்தைகுத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் கருவேல மரங்களில் நெருக்கியடித்துக் கூடு கட்டும். கடலோரத்தில் இரவு நின்றவர்கள் விடிந்ததும் அங்கேயும் ஒரு சுற்று போய்விடலாமே என்பார்கள். வேண்டாம். தூங்காத கண்ணோடு போனால் பறவையின் கலவரம் நமக்குத் தெரியாது. குழுவில் பேச்சும் கூடிவிடும். அதை வேறொரு நாளாக, பகல் பயணமாக வையுங்கள்.

வெளிச்சம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டிருப்பதை எங்கள் படங்களே காட்டுகின்றன. ஒரே இடத்தில், ஒரே அமைப்பில் எடுத்த பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்தால் தொடுவானத்தில் ஏறியிருக்கும் மஞ்சள் பட்டை யாருக்கும் புரியும். கடலோர ஊர்களுக்கு விளக்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இரவில் படகிலிருந்து இறங்குகிற ஆணுக்கும் மீன் கூடையோடு நடக்கிற பெண்ணுக்கும் வெளிச்சம் தேவை. அந்த வெளிச்சம் தரையில் விழட்டும். மேலேயும் கடலைப் பார்த்தும் விழ வேண்டியதில்லை. விளக்கின் தலையில் ஒரு தகட்டு மூடி போட்டால் போதும், அதே மின்சாரத்தில் தரைக்கு வெளிச்சம் இன்னும் கூடும். இந்த இரண்டு படங்களையும் பெரிய தாளில் அச்சிட்டு ஒரு கடலோர ஊராட்சியில் கொண்டுபோய்க் காட்டினோம். கடலைப் பார்த்து நின்ற ஒரு விளக்கைத் திருப்பிவைத்துத் தந்தார்கள். மற்றவற்றுக்கு மூடி போட எவ்வளவு செலவாகும் என்று கணக்குக் கேட்டிருக்கிறார்கள். டீச்சரின் தம்பி மின்பணி செய்பவர், அவர்தான் அதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த பயணம் தடைக்காலம் தொடங்கிய பிறகு அமாவாசையை ஒட்டிய இருட்டு வாரத்தில் வரும் முதல் சனிக்கிழமை, வாலிநோக்கம். வர விரும்புகிறவர்கள் தலைவிளக்குக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள், கறுப்பு டேப், இரண்டு லிட்டர் தண்ணீர், காதை மூடும் துண்டு இவற்றைக் கொண்டுவர வேண்டும். வெள்ளை டார்ச் எதுவும் வேண்டாம். இருகண்ணோக்கி வைத்திருப்பவர்கள் மறக்காமல் எடுத்து வாருங்கள். ஒமேகா செண்டாரியைப் பார்க்க வேண்டும் என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் முன்பே சொல்லிவைத்திருக்கிறார்கள், எங்களிடம் இருப்பதோ ஒன்றே ஒன்று.